பல்லுயிர் பற்றிப் பேச்சு வைத்தோம், பதினோரு பேர் வந்தார்கள். அடுத்து என்ன செய்யலாம்?

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது சிவகங்கை மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நூலகத்தை ஒட்டி ஒரு வாசகர் வட்டம் நடத்துகிறோம், ஏழெட்டுப் பேர், மாதம் ஒரு கூட்டம். எப்போதும் புத்தகம்தானே பேசுகிறோம், இந்த முறை நம்ம கண்மாய், நம்ம பறவை, பூச்சி பற்றி ஒருத்தரைப் பேச வைக்கலாம் என்று போன மாதம் ஒரு யோசனை வந்தது. தெரிந்தவர் மூலமாக ஒரு ஆய்வாளரைப் பிடித்தோம், நல்ல மனிதர், பேருந்துச் செலவைத் தவிர ஒரு பைசா வாங்கவில்லை. ஃப்ளெக்ஸ் ஒன்று அடித்தோம். ஊரில் இருக்கும் எல்லா வாட்ஸ்அப் குழுவிலும் அழைப்பிதழ் போட்டோம்.

ஞாயிறு மாலை ஐந்து மணி என்று போட்டிருந்தோம். தலைமை தாங்க வேண்டியவர் வந்து சேரும்போது ஆறேகால். அப்புறம் வரவேற்புரை, சால்வை, இரண்டு வாழ்த்துரை. பேச்சாளர் கைக்கு மைக் போகும்போது ஆறே முக்கால். கூட்டத்தில் இருந்தது பதினோரு பேர், அதில் நாலு பேர் நாங்கள், ஒருத்தர் மைக்செட்காரர். ஸ்லைடு எல்லாம் ஆங்கிலம். நடுவில் ஏதோ ஷானன் குறியீடு என்று ஒரு வரைபடம் வந்தது, எனக்கே புரியவில்லை, பக்கத்தில் இருந்தவர் போனை எடுத்துவிட்டார்.

ஒரே ஒரு விஷயம்தான் மனதில் நிற்கிறது. திரையில் பனங்காடை படம் ஒன்று வந்தது, நீல இறக்கையை விரித்துப் பறக்கிற மாதிரி. கடைசி வரிசையில் இருந்த ஒரு பெரியவர், எழுபது வயதுக்கு மேல் இருக்கும், சத்தமாக "இது பால்குருவிதானே? முன்னாடியெல்லாம் கரண்டுக் கம்பிக்கு ஒண்ணு உக்காந்திருக்கும், இப்பக் காணோமே" என்றார். மேடையில் இருந்து "ஐயா, கேள்விகள் கடைசியில்" என்று சொல்லிவிட்டார்கள். கடைசியில் நேரம் இல்லை, நன்றியுரை, முடிந்தது. அவர் நன்றியுரைக்கு முன்பே எழுந்து போய்விட்டார்.

செலவு மூவாயிரத்துச் சொச்சம். விட்டுவிடவும் மனசில்லை. இது மாதிரி நடத்துகிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், ஆட்களை எப்படி வர வைக்கிறீர்கள்? பேச்சே வேண்டாமா, வேறு ஏதாவது செய்யலாமா?

ஒத்தப்பனை:

உங்கள் கூட்டத்துக்கு உண்மையான பேச்சாளர் வந்துதான் இருக்கிறார், கடைசி வரிசையில் உட்கார வைத்து அனுப்பிவிட்டீர்கள். கோபிக்க வேண்டாம், நானும் இதையே செய்தவன்தான்.

அந்தப் பெரியவர் சொன்னது வெறும் "அந்தக் காலத்துல" புலம்பல் இல்லை. இந்தியப் பறவைகளின் நிலை பற்றி 2023ல் ஒரு பெரிய அறிக்கை வந்தது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த மூன்று கோடிக் குறிப்புகளை வைத்து 942 வகைப் பறவைகளைப் பார்த்திருந்தார்கள். அதில் பனங்காடை பன்னிரண்டு வருடத்தில் 30 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கிறது என்று வந்தது, அதன் பாதுகாப்பு நிலையை உலக அளவில் திரும்பப் பரிசீலிக்க வேண்டும் என்றுகூடச் சொல்லியிருந்தார்கள். கணினியில் போட்டு அலசி அவர்கள் கண்டுபிடித்ததை உங்கள் ஊர்க்காரர் கரண்டுக் கம்பியைப் பார்த்தே சொல்லிவிட்டார். அந்த இடத்தில் பேச்சாளர் ஸ்லைடை நிறுத்திவிட்டு "எந்த வருசத்துல இருந்து காணோம் ஐயா?" என்று கேட்டிருந்தால் மீதிக் கூட்டம் தானாகப் போயிருக்கும்.

நான் திருப்பூர்ப் பக்கம். நஞ்சராயன் குளம் தெரிந்திருக்கும், 2022ல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024ல் ராம்சர் பட்டியலில், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலில் வந்தது. அங்கேயும் சுற்றுவட்டாரக் குளங்களிலும் சில வருடங்களாகப் பறவை நடைக்கு ஆள் கூட்டிப் போகிறோம். முதல் நடைக்கு வந்தது ஆறு பேர், அதில் இரண்டு பேர் என் மச்சினன்மார். இப்போது நாற்பது பேர் வருகிறார்கள், அது வேறு தலைவலி, நாற்பது பேர் நடந்தால் பறவை எங்கே நிற்கும்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். காலை ஆறேகாலுக்குக் கரையில் நில்லுங்கள், யார் வராவிட்டாலும் ஆறரைக்கு நடக்க ஆரம்பியுங்கள். தலைமை, முன்னிலை எதுவும் கிடையாது. பைனாகுலர் ஆளுக்கொன்று தேவையில்லை, ஐந்து பேருக்கு ஒன்று இருந்தால் போதும், மாற்றி மாற்றிப் பார்க்கும்போதுதான் பேச்சே வருகிறது. தூரத்துப் பறவையைத் துரத்தாமல் முதலில் உண்ணிக்கொக்கு, மடையான், நாமக்கோழி, இரட்டைவால் குருவி என்று எல்லாருக்கும் பழக்கமானதில் ஆரம்பியுங்கள். "இதுக்கு உங்க ஊர்ல என்ன பேரு?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். செம்போத்தா செண்பகமா என்று அவர்களுக்குள் ஒரு சண்டை நடக்கும், நடக்கட்டும்.

ஒரு தடவை புல்லுக்கட்டோடு போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா என்ன பார்க்கிறோம் என்று கேட்டார். கட்டை இறக்கி வைக்கச் சொல்லிப் பைனாகுலரைக் கொடுத்தோம். நத்தைகுத்தி நாரை ஒன்று நின்றுகொண்டிருந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு "ஏங்க, இது வாயை மூடவே மூடாதா?" என்றார். மூடினாலும் அந்த அலகின் நடுவில் சந்து இருக்கும், நத்தையை எடுத்துச் சதையை உருவ அந்த அலகுதான் தோது என்று சொன்னோம். மறுவாரம் அவர் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார், பொண்ணு கையில் நோட்டு.

பொங்கல் சமயத்தில் ஆரம்பித்தால் நல்லது. பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு என்று 2015ல் தமிழ்நாட்டில் தொடங்கி வருடா வருடம் நடக்கிறது, பொங்கலை ஒட்டிய நாலு நாள். எங்கே வேண்டுமானாலும், மொட்டை மாடியில் நின்றுகூட, குறைந்தது பதினைந்து நிமிடம் பார்த்து, எது எத்தனை என்று எழுதி இபேர்ட் என்கிற பறவைப் பதிவு இணையதளத்தில் ஏற்ற வேண்டும், அவ்வளவுதான். காக்கா, மைனாவும் கணக்கில் சேரும். ஊருக்கு வந்திருக்கிற வெளியூர்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அந்த நாலு நாள் சும்மாதான் இருப்பார்கள்.

இன்னொன்று, உங்களுக்கு வேட்டங்குடி பக்கம்தானே. 1977லேயே சரணாலயம் ஆன இடம், 38 ஹெக்டேர் சொச்சம். பறவைகள் பயப்படும் என்று தீபாவளிக்கு வெடி வெடிக்காமல் இருக்கிற கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் அங்கேதான் இருக்கிறார்கள், தலைமுறை தலைமுறையாக. அடுத்த பேச்சுக்கு ஆய்வாளரைத் தேடாதீர்கள், அந்த ஊர்ப் பாட்டி ஒருத்தரைக் கூட்டி வாருங்கள்.

சாக்பீஸ்:

ஒத்தப்பனை அண்ணன் சொன்னதெல்லாம் சரி, ஆனால் காலை ஆறரை மணி என்பது ஆண்களுக்கான நேரம் அண்ணா. அந்த நேரத்தில் பெண்கள் அடுப்படியில் இருப்பார்கள், தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்பார்கள். உங்கள் நாற்பது பேரில் எத்தனை பெண்கள் என்று எண்ணிப் பாருங்கள்.

நான் பெரம்பலூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். எங்களுக்குப் பலித்தது ராத்திரிக் கூட்டம். ஜூலைக் கடைசியில் அந்துப்பூச்சி வாரம் என்று உலகம் முழுக்க நடக்கிறது, 2012ல் அமெரிக்காவில் ஆரம்பித்தது. அதைச் சாக்காக வைத்துக்கொண்டு பள்ளி மைதானத்தில் இரண்டு கம்பு நட்டு, அலுவலக உதவியாளரின் வெள்ளை வேட்டியைக் கட்டி, பக்கத்தில் ஒரு பல்பு போட்டோம். புற ஊதா விளக்கு இருந்தால் நிறைய வரும், எங்களிடம் இருந்தது பழைய பாதரச ஆவி விளக்கு ஒன்று, அதுவே போதுமாக இருந்தது. அமாவாசையை ஒட்டி நாள் பாருங்கள், நிலா வெளிச்சம் இருந்தால் பூச்சி குறையும். முந்தின நாள் மழை பெய்திருந்தால் அதிர்ஷ்டம். அந்த விளக்கை மட்டும் வெறும் கண்ணால் நேராகப் பார்க்க விடாதீர்கள்.

பெற்றோர்களுக்கு நான் "பல்லுயிர்" என்ற வார்த்தையையே சொல்லவில்லை. "ராத்திரி எட்டு மணிக்குப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க, பூச்சி பாக்கப் போறோம், சுண்டல் உண்டு" என்று சொல்லிவிட்டேன். சாப்பாடு முடித்து அம்மாக்கள், பாட்டிகள், கைக்குழந்தை எல்லாம் வந்தது. முதல் ஒரு மணி நேரம் ஈசலும் வண்டும்தான், எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஒன்பது மணிக்கு மேல் அரளிப்பருந்து அந்துப்பூச்சி ஒன்று வந்து உட்கார்ந்தது பாருங்கள், பச்சையும் இளஞ்சிவப்புமாக, மிலிட்டரி சட்டை மாதிரி. "டீச்சர், ஹெலிகாப்டர்!" என்று ஆறாம் வகுப்புப் பையன் கத்திவிட்டான். இது எங்கே பிறக்கும் என்று கேட்டதற்கு நம்ம பள்ளிக்கூட வாசல் அரளிச்செடியில் என்றதும், மறுநாள் இடைவேளையில் அரளியைச் சுற்றி முப்பது பேர். அரளி விஷம், இலையைத் தொட்டால் கை கழுவு என்று நான் பின்னாலேயே ஓட வேண்டியதாயிற்று.

ஆனால் அன்று நடந்ததில் முக்கியமானது இது இல்லை. எங்கள் பக்கம் மக்காச்சோளம் அதிகம். 2018ல் படைப்புழு இந்தியாவுக்குள் வந்ததில் இருந்து விவசாயிகள் படுகிற பாடு உங்களுக்குத் தெரியும். வேட்டியில் ஒட்டிக்கொண்டிருந்த சாம்பல் நிறப் பூச்சி ஒன்றை, ஒன்றுக்கும் ஆகாத பூச்சி மாதிரி இருந்தது, காட்டி இதுதான் உங்கள் சோளக்குருத்தைத் தின்கிற புழுவின் அம்மா என்றேன். ஒரு அப்பா பக்கத்தில் வந்து டார்ச் அடித்துப் பார்த்தார். "புழுவுக்கு மருந்தடிச்சு நாலு வருசமாச்சு, இது ஆத்தாளை இன்னிக்குத்தான் பாக்குறேன்" என்றார். அங்கே இருந்து பேச்சு விளக்குப்பொறிக்குப் போய், எந்தப் பூச்சி எந்தப் பூச்சியைத் தின்னும் என்று போய், பத்தரை வரைக்கும் யாரும் எழுந்திருக்கவில்லை. சுண்டல் ஒன்பதேகாலுக்கே தீர்ந்துவிட்டது.

அதனால் என் அனுபவம், வருகிறவர்கள் பிழைப்பில் எது இருக்கிறதோ அதில் இருந்து ஆரம்பியுங்கள். அப்புறம் நாள் பார்க்கும்போது பரீட்சை, ஊர்த் திருவிழா, முகூர்த்த நாள் மூன்றையும் பார்த்துவிடுங்கள், முகூர்த்த நாளில் கூட்டம் வைத்தால் நீங்களே கல்யாண வீட்டில்தான் இருப்பீர்கள்.

கட்டுமரம்:

நான் கொஞ்சம் எதிர்ப்பக்கத்தில் இருந்து பேசுகிறேன். எங்களை மாதிரி ஆட்கள்தான் உங்கள் கூட்டத்துக்கெல்லாம் "பொதுமக்கள்". சென்னைக்குத் தெற்கே ஒரு மீனவக் குப்பம். அப்பா கடலுக்குப் போனவர், நான் போகவில்லை.

பல வருடம் முன்னால் ஒரு குழு எங்கள் குப்பத்தில் வந்து பேனர் கட்டி, கடலாமையைக் காப்போம் என்று ஒரு மணி நேரம் பேசினார்கள். ஆமை முட்டை எடுக்காதீர்கள், ஆமையைக் கொல்லாதீர்கள், வலையில் சிக்கினால் விடுங்கள். எல்லாம் சரிதான். ஆனால் பேசினவர் முகத்தில் இருந்தது, ஏதோ கொலைகாரர்கள் கூட்டத்தில் வந்து நிற்கிற முகம். விசைப்படகுகள் கரையில் இருந்து 5 கடல் மைலுக்குள் வலை இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, உள்ளே வந்து இழுக்கும்போது இழுவலையில் மாட்டி மூச்சுமுட்டிச் சாகிற ஆமைதான் நிறைய. ஆமையும் மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும் இல்லையா. அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. சின்ன ஃபைபர் போட்டுக்காரன் ஆமைக்காக வலையை அறுத்தால் அந்த வலைக்காசு யார் தருவார் என்று என் சித்தப்பா கேட்டார், அதற்கும் பதில் இல்லை.

அப்பாவுக்கு ஆமைகளில் பங்குனி ஆமை, பேராமை, அழுங்காமை, ஏழுவரி ஆமை என்று தனித்தனியாகத் தெரியும். எது எந்த மாதம், எந்தக் காற்றுக்கு, எவ்வளவு ஆழத்தில் என்று சொல்வார். அன்று அவரை ஒருத்தரும் கேட்கவில்லை, கடைசியில் ஆளுக்கு ஒரு தொப்பி கொடுத்துவிட்டுப் போனார்கள். தொப்பி நல்ல தொப்பி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

இதற்கு நேர் எதிராக ஒன்று. சென்னைக் கடற்கரையில் மாணவர்கள் 1988ல் ஆரம்பித்த கடலாமைக் குழு இன்னும் நடக்கிறது. சீசனில், ஜனவரியில் இருந்து, ராத்திரி முழுக்கக் கரையோரம் நடந்து தடம் பார்த்து முட்டையைத் தேடுவார்கள், வார இறுதியில் பொதுமக்களும் கூட நடக்கலாம். ஐ.டி. கம்பெனிப் பையன்கள், காலேஜ் பெண்கள், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறவர்கள், எல்லாரும் வருவார்கள். நாலைந்து மணி நேரம் மணலில் நடந்து ஒரு ஆமையையும் பார்க்காமல் திரும்புகிறவர்கள்தான் அதிகம். ஆனாலும் அடுத்த வருடமும் வருகிறார்கள். நடக்கும்போது வழியில் உட்கார்ந்து பேசுகிறார்களே, அதுதான் அவர்கள் பேச்சு. மேடையும் கிடையாது, மைக்கும் கிடையாது. ஒரு ஆமை நூறு நூற்று இருபது முட்டை இடும், மணல் சூட்டைப் பொறுத்துத்தான் ஆணா பெண்ணா என்பதே, சூடு கூடினால் பெண், இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது அங்கேதான். குப்பத்தில் பிறந்தவன் அதை அங்கே போய்த் தெரிந்துகொண்டேன், எனக்கு அதில் வெட்கமும் இல்லை. ஆனால் அவர்களும் கரையில் யாரைப் பார்த்தாலும் முதலில் நின்று பேசிவிட்டுத்தான் போவார்கள், காற்று எப்படி, ஏதாவது தடம் கண்ணில் பட்டதா என்று.

குஞ்சு பொரித்து விடுகிற நாளில் ஒரு தடவை பார்த்தேன். கடலை விட்டுவிட்டு எல்லாம் ரோட்டுப் பக்கம் திரும்புகிறது. வெளிச்சம் எங்கேயோ அங்கே போகும், கடல் வெளிச்சத்தை நம்பி வந்த பிறவி, அதற்குத் தெருவிளக்கு எதற்கு என்று தெரியாது. எங்கள் குப்பத்துப் பையன் ஒருத்தன் ஓடிப்போய் டீக்கடை அண்ணனிடம் சொல்லி முன்னால் இருந்த ஃபோகஸ் லைட்டை அணைத்தான். பத்து நிமிடம்தான். டீக்கடைக்காரரும் வெளியே வந்து பார்த்தார். அன்றில் இருந்து அந்த சீசன் முழுக்க அவராகவே அந்த லைட்டைப் போடவில்லை. யாரும் அவருக்கு விழிப்புணர்வு கொடுக்கவில்லை.

எட்டாம்பக்கம்:

எல்லாரும் சேர்ந்து பேச்சைக் கழுவி ஊற்றுகிறீர்கள், நான் அதற்காகக் கொஞ்சம் வாதாடுகிறேன், எனக்குச் சோறு போடுவது அதுதான்.

நடையில் ஒரு பறவையைக் காட்டலாம், வேட்டியில் ஒரு பூச்சியைக் காட்டலாம். முப்பது வருடத்தில் ஒரு கண்மாயில் என்ன மாறியது என்பதை எப்படிக் காட்டுவீர்கள்? கண்ணால் பார்க்க முடியாததைச் சொல்லப் பேச்சு வேண்டும். கோளாறு பேச்சில் இல்லை, எங்களில் பல பேர் ஆய்வுக் கருத்தரங்கில் போட்ட ஸ்லைடையே நூலக அரங்குக்கும் தூக்கிக்கொண்டு வருகிறோம், அதில் இருக்கிறது.

நீங்கள் சொன்ன ஷானன் குறியீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு காய்கறிக் கடை. இரண்டிலும் பத்து வகைக் காய், இரண்டிலும் மொத்தம் நூறு காய். முதல் கடையில் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து இருக்கிறது. இரண்டாவது கடையில் 91 தக்காளி, மீதி ஒன்பது வகையில் தலா ஒன்று. பலகையில் எழுதினால் இரண்டுமே "பத்து வகைக் காய் கிடைக்கும்" கடைதான், ஆனால் எந்தக் கடைக்குப் போனால் சாம்பாருக்கும் பொரியலுக்கும் காய் கிடைக்கும்? முதல் கடைக்குக் குறியீடு 2.3 வரும், இரண்டாவதற்கு 0.5. அவ்வளவுதான். கண்மாயில் முன்னே பத்து வகை மீன், இப்போதும் பத்து வகை மீன் என்று ஒருத்தர் சொல்லும்போது, ஆமாம் ஆனால் நூற்றுக்குத் தொண்ணூறு ஜிலேபியாக இருக்கிறதே என்று கேட்பதற்குத்தான் இந்தக் கணக்கு. இதைத் தமிழில் சொல்ல மூன்று நிமிடம் ஆகும். வரைபடமே தேவையில்லை.

நான் இப்போதெல்லாம் ஊர்ப் பக்கம் பேசப் போனால் இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல் பேசுவதில்லை, அதுவும் முதல் பத்து நிமிடம் அவர்கள் பேசுவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான், கேட்டால் சிரிப்பீர்கள்: "சார், மயிலுக்கு என்ன வழி?" நிலக்கடலை போட்டவர், தக்காளி போட்டவர் எல்லாருக்கும் மயில்தான் பிரச்சினை, அடுத்தது காட்டுப்பன்றி. மயில் தேசியப் பறவை, சட்டப்படி உச்சப் பாதுகாப்பு, கை வைக்க முடியாது. ஒத்தப்பனை சொன்ன அதே 2023 அறிக்கையில் பனங்காடை குறைகிறது, மயிலும் குயிலும் கூடுகிறது. முன்பெல்லாம் இந்தக் கேள்வி வந்தால் "அது வேற தலைப்பு" என்று நழுவிவிடுவேன். அப்படி நழுவினால் அதற்கப்புறம் நீங்கள் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. இப்போது அங்கேயே ஆரம்பிக்கிறேன். ஏன் மயில் கூடுகிறது, அதைத் தின்கிற நரி எங்கே போனது, தரிசு நிலமும் சீமைக்கருவேலமும் யாருக்கு வசதியானது என்று. இதற்கெல்லாம் என்னிடம் முழுப் பதில் இல்லை, தெரியாது என்று சொல்லிவிடுகிறேன். தெரியாது என்று சொன்ன அன்றைக்குத்தான் ஒருத்தர் பின்னாலேயே வந்து டீ வாங்கிக் கொடுத்தார்.

கட்டுமரம் எழுதினதைப் படித்து நிஜமாகவே சுருக்கென்று இருந்தது. அந்தத் தொப்பி கொடுத்த கூட்டங்களில் நானும் இருந்திருப்பேன், வேறு ஊரில்.

கண்மாய்க்கரை, ஒரு யோசனை. நடையை முதலில் வையுங்கள், பேச்சை அன்று மாலையோ மறுவாரமோ வையுங்கள். காலையில் பார்த்த பறவையைப் பற்றி மாலையில் பேசினால் கேட்பதற்கு ஆட்களுக்குக் கேள்வி இருக்கும். வாழ்த்துரையை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

விரியன்:

சுருக்கமாக ஒன்று. கூட்டம் சேர்க்க வேண்டும் என்றதும் அடுத்து யாராவது உங்களுக்கு "பாம்பு பிடிக்கிறவரைக் கூப்பிடு, உயிரோட நாலு பாம்பு கொண்டு வரச் சொல்லு" என்று யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். கூட்டம் ஐந்நூறு பேர் வரும், உண்மைதான். பாம்பைப் பிடித்து வைத்துக் காட்சி நடத்துவது வனவிலங்குச் சட்டப்படி குற்றம். அதைவிட, கழுத்தில் பாம்பைப் போட்டுப் படம் எடுத்ததைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகிற பதினைந்து வயதுப் பையன் அடுத்த வாரம் என்ன செய்வான் என்று யோசியுங்கள். நான் அப்படி ஒரு பையனை ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

பாம்பு பற்றிப் பேச உயிருள்ள பாம்பு வேண்டாம். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நாலுக்கும் பெரிய படம் நாலு, பக்கத்தில் அதைப் போலவே இருக்கிற விஷமில்லாத பாம்பு நாலு. கட்டுவிரியனுக்குப் பக்கத்தில் வெள்ளிக்கோல் வரையனை வைத்தால் பாதிப் பேர் தப்பாகத்தான் சொல்வார்கள், அங்கேயே கூட்டம் சூடு பிடித்துவிடும். கடித்தால் கயிறு கட்டாதே, கீறாதே, வாயால் உறிஞ்சாதே, நேராக விஷமுறிவு மருந்து இருக்கிற மருத்துவமனைக்குப் போ, இது ஒன்று ஊருக்குப் போய்ச் சேர்ந்தாலே போதும். முடிந்தால் உங்கள் மக்களை ஒரு வேனில் ஏற்றி வடநெம்மேலிக்குக் கூட்டிப் போங்கள். இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் 1978ல் இருந்து இருக்கிறது, விஷமுறிவு மருந்து தயாரிக்க விஷம் அங்கே இருந்துதான் பெரும்பகுதி போகிறது. அதில் இருந்த இரண்டு பேருக்குத்தான் 2023ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். சாதாரணமாகப் பேசுவார்கள், ஸ்லைடு கிடையாது.

ஒத்தப்பனை:

சாக்பீஸ் டீச்சர், எண்ணிப் பார்த்தேன். நாற்பதில் ஆறு. இனி மாதம் ஒரு தடவை மாலை நாலரைக்கு ஒரு நடை வைக்கிறோம். குட்டு வாங்கினது நல்லதுதான்.

கண்மாய்க்கரைக்கு விட்டுப்போனது: போனில் பறவைச் சத்தம் போட்டு அதை வரவழைக்கிற பழக்கம் யாருக்காவது இருந்தால் அன்றைக்கே நிறுத்திவிடுங்கள், கூடு கட்டும் காலத்தில் அது ரொம்பக் கெடுதல். கூட்டைப் படம் எடுத்து இடத்தோடு குழுவில் போடவும் விடாதீர்கள். சரணாலயம் என்றால் வனத்துறையிடம் சொல்லிவிட்டுப் போங்கள், ஊர்க் கண்மாய் என்றால் ஊர்ப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை. இல்லாவிட்டால் நிலம் அளக்க வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார்கள், எங்களைத் துரத்தியிருக்கிறார்கள்.

கண்மாய்க்கரை:

எல்லாருக்கும் பதில் சொல்லத் தாமதமாகிவிட்டது, மன்னியுங்கள். நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பெரியவரைத் தேடிப் பிடித்தோம். விசாரித்தால் அவர் முப்பது வருடம் எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சியாக இருந்தவர், எந்த மடையை எப்போது திறப்பது என்பது அவர் கையில் இருந்தது. எங்களில் ஒருத்தருக்கும் அது தெரியாது, நூலகத்துக்கு எதிர்த்தெருதான் வீடு. அன்றைக்குப் பாதியில் கிளம்பினதற்குச் சங்கடப்பட்டுப் போய் மன்னிப்புக் கேட்டால், "அட போங்க தம்பி, மாட்டுக்குத் தண்ணி காட்ட நேரமாச்சு, அதான் போனேன்" என்கிறார்.

போன சனிக்கிழமை மாலை நாலரைக்குக் கண்மாய்க்கரையில் நடை. டீச்சர் சொன்ன மாதிரி சுண்டல். அவரை முன்னால் நடக்கவிட்டு நாங்கள் பின்னால் போனோம். பத்தொன்பது பேர், பெண்கள் ஏழு. ஃப்ளெக்ஸ் அடிக்கவில்லை, செலவு 460 ரூபாய். முன்பு வந்த அதே ஆய்வாளரை, கையில் ஒன்றும் இல்லாமல் வாருங்கள் என்று கூப்பிட்டோம். வந்து கடைசி வரைக்கும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார். ஆள்காட்டிக் குருவி கத்தினதும் பெரியவர் எல்லாரையும் நிறுத்தி, காலைப் பார்த்து வையுங்கள், இங்கேதான் எங்கேயோ முட்டை இருக்கும், அது தரையில்தான் இடும் என்றார். ஆய்வாளர் இப்போது அதற்கு முட்டையிடுகிற பருவம் இல்லையே என்று மெதுவாகச் சொன்னார். அதில் இரண்டு பேருக்கும் வாக்குவாதம் வந்து, கால் மணி நேரம் ஓடி, பின்னால் இருந்தவர்கள் எல்லாம் கட்சி பிரிந்துவிட்டார்கள். முட்டை கண்ணில் படவில்லை. பட்டியலில் 31 வகை தேறியது.

பால்குருவி ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு அவர் ஒரு காரணம் சொன்னார். சுடுகாட்டுப் பாதையில் முன்பு பட்டுப்போன மொட்டைப்பனை இருபதுக்கு மேல் நின்றதாம், அந்தப் பொந்தில்தான் பால்குருவி அடையும். சூளைக்கு வெட்டிவிட்டார்கள், இப்போது மூன்றுதான் நிற்கிறதாம். அடுத்த நடை அந்த மூன்று பனையைப் பார்க்க.

அப்புறம் டீச்சர், ஒரு சந்தேகம். அமாவாசைக்குப் பூச்சி பார்க்க எங்கள் அப்பாவின் வேட்டியை எடுக்கலாம் என்று இருக்கிறேன், நல்ல வேட்டி. அந்த வண்டு, ஈசல் கறையெல்லாம் துவைத்தால் போகுமா போகாதா?

சாக்பீஸ்:

போகாது. பழைய போர்வை எடுத்துக்கொள்ளுங்கள்.